நைரோபியில் இறங்கினால்: சஃபாரி சந்தேகங்களுக்குப் பதில்கள்

கேள்வி: ஆகஸ்டில் பெரியவர்கள் நான்கு பேர் கென்யா போகிறோம். ஆறு நாள், ஐந்து இரவு. மசாய் மாரா, நகுரு ஏரி, அம்போசெலி மூன்றையும் காட்டிவிடுவதாக ஏஜென்ட் சொல்கிறார். சரிவருமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சரிவராது. அம்போசெலியை விட்டுவிடுங்கள். மாரா நைரோபிக்கு மேற்கே சுமார் 270 கி.மீ.; அம்போசெலி தெற்கே, தான்சானியா எல்லையில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு முழுப் பகல் சாலையிலேயே கழியும். சிங்கமும் சிறுத்தையும் நடமாடுவது விடிந்து இரண்டு மூன்று மணி நேரம், பிறகு மாலை நான்குக்கு மேல். அந்த நேரத்தில் நீங்கள் காட்டுக்குள் இருக்க வேண்டும். எந்த ஏஜென்ட் தரும் திட்டத்தையும் இதை வைத்தே எடைபோடுங்கள். முதல் இரவு நைரோபி, அடுத்தது காண்டாமிருகத்துக்காக நகுரு, மற்ற மூன்று இரவும் மாரா என்று கேளுங்கள். திரும்பும் விமானம் இரவு ஒன்பதுக்குப் பிறகு இருக்கட்டும். மாராவிலிருந்து வர ஆறு மணி நேரம் ஆகும், வழியிலுள்ள மாய் மாஹியு மலைச்சாலை ஏற்றத்தில் லாரி நெரிசல் இருந்தால் இன்னும் கூடும்.

பணம் வீணாவது நுழைவுச் சீட்டில்தான். வெளிநாட்டுப் பெரியவருக்கு மாராவில் ஜூலை முதல் டிசம்பர் வரை நாளுக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரை மட்டுமே செல்லும். வாயிலுக்கு வெளியே உள்ள விடுதியில் தங்கினால், போய்ச் சேர்ந்த அன்று மாலை நான்கு மணிக்கு உள்ளே போவதற்கும் ஒரு முழுச் சீட்டு. கிளம்பும் நாள் காலையில் ஒரு நடை போனால் இன்னொன்று. இந்த இரண்டையும் தவிர்த்து, நடுவிலுள்ள இரண்டு நாளும் ஆறு மணிக்கே வாயிலில் நின்று மாலை வரை உள்ளேயே இருங்கள். நான்கு பேருக்கு 1,600 டாலர் மிச்சம். சாப்பாட்டுக்கு வெளியே வந்தால் மறுபடி சீட்டு எடுக்க நேரிடும். மதிய உணவைக் கட்டி வண்டியிலேயே எடுத்துப் போங்கள். சைவம் என்றால் முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். உள்ளேயே தங்குவோர் கடைசி நாள் காலை 10 மணிக்குள் வாயிலைத் தாண்டிவிட வேண்டும்.

வண்டியில் சிக்கனம் பார்க்காதீர்கள். மாராவில் பல இடங்களில் நம் பக்கத்துக் கரிசல் போன்ற மண்தான். ஒரு மழைக்கே சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், வேன் சிக்கிவிடும். கூரை திறக்கும் நான்கு சக்கர இயக்க லேண்ட் குரூசர், ஆளுக்கொரு ஜன்னல் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். விடுதியில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? வேறு என்ன ஏற்பாடு வேண்டும்?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கென்யா போய்வரும் எவரும் அந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கப்படலாம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு செய்து, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கப் போதும். ஆனால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். டிக்கெட் போடும் முன் அம்மாவை அவருடைய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் வேண்டாம் என்றால் கென்யாவையே மாற்றுங்கள். தென்னாப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் நாடு அல்ல. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் பிலானஸ்பர்க் வனவிலங்குப் பூங்கா வந்துவிடும், அங்கே மலேரியாவும் இல்லை. அடிஸ் அபாபா, நைரோபி இரண்டும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளில் இருப்பதால் அந்த வழியாக டிக்கெட் எடுக்காதீர்கள், துபாய் அல்லது தோஹா வழி நல்லது. விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கென்யாதான் என்று முடிவானால் விசா இல்லை, இணையத்தில் இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும், கட்டணம் 30 டாலர். மலேரியா மாத்திரையையும் மருத்துவரிடமே கேளுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் ஊர் திரும்பிய பிறகும் 28 நாள் தொடர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், அது ஆபத்து.

கேள்வி: துணிமணி, கேமரா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: மாரா 1,500 மீட்டருக்கு மேல். ஜூலை, ஆகஸ்ட் விடியலில் திறந்த கூரையடியில் நிற்கக் கடலூர்க்காரர்களுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம். கருநீலமும் கறுப்பும் கடிக்கிற செட்சி ஈயை இழுக்கும். காக்கி, வெளிர்பச்சை போதும். பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் தடை, பெட்டியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போவதானால் கைப்பை உட்பட 15 கிலோ, அதுவும் வளையக்கூடிய துணிப்பை மட்டும்.

கேமராவுக்குக் குறைந்தது 300 மி.மீ. லென்ஸ். முக்காலி வண்டிக்குள் நிற்காது. ஒரு துணிப்பையைக் காலியாக எடுத்துப்போய், நைரோபியில் இரண்டு கிலோ பயறு வாங்கி நிரப்பிக் கூரை விளிம்பில் வையுங்கள். லென்ஸ் அதில் அமுங்கி அசையாமல் உட்காரும். படம் எடுக்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். படம் மங்குவதற்குப் பெரும்பாலும் இன்ஜின் அதிர்வே காரணம். பிளக் பிரிட்டிஷ் சதுர முள் வகை, அடாப்டர் ஒன்று போதும்.

கேள்வி: அலுவலக வேலையாக நைரோபி போகிறேன். ஓய்வு ஒரு நாள்தான்.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நைரோபி தேசியப் பூங்காவுக்குப் போங்கள். நகர மையத்திலிருந்து ஏழே கி.மீ., 117 சதுர கி.மீ. பரப்பு. சிங்கம், எருமை, ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம் உண்டு, யானை மட்டும் கிடையாது. கட்டணத்தை இணையத்தில் முதல் நாளே கட்டிவிட்டு, ஓட்டுநரைக் காலை ஐந்தரைக்கே விடுதிக்கு வரச் சொல்லுங்கள்.