கிறிஸ்தவத்தில் 'கிருபை' என்றால் என்ன? நல்லவனாக வாழ்ந்தால் போதாதா?

கிருபை என்பது தகுதி பார்க்காமல் கடவுள் தரும் தயவு. பாவம் என்பது தப்புகளின் பட்டியல் மட்டும் இல்லை, கடவுளை விட்டு விலகிய மனசு. அதை மூடிமறைக்க நாம் பேசுவதுதான் சுயநீதி: "அவனுக்கு நான் எவ்வளவோ மேல்." பைபிளில் லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையில், பரிசேயன் (மதச் சட்டங்களைக் கறாராகக் கடைப்பிடித்த யூதப் பிரிவினன்) ஜெபித்தது இப்படித்தான். நீதிமானாக வீடு திரும்பியதோ, தன் பாவத்தை நினைத்து மார்பில் அடித்துக்கொண்டு நின்ற ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன்.

எங்கள் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில், பக்கத்துக் கூடையில் அழுகல் அதிகம் என்று காட்டினால் நம் கூடைக்கு விலை ஏறுமா? (சீசனில் இந்த வாதம் காதில் விழாமல் இருக்காது!) சரி, நாம் வாங்கிய முன்பணத்தை மண்டிக்காரர் கணக்கிலிருந்து அடித்துவிட்டால்? நஷ்டம் அவர் தலையில். இயேசு சிலுவையில் இறந்ததைக் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள்: மன்னிப்பு நமக்கு இலவசம், கொடுத்தவருக்கு இல்லை.

அப்போ இஷ்டத்துக்குப் பாவம் செய்யலாமா என்றால், பைபிளில் ரோமர் 6ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுலே இந்தக் கேள்வியை எழுப்பி, கூடவே கூடாது என்கிறார்.