‘ஏன்’ என்று கேட்காதீர்கள், எம்-புக்கைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டி, பாதி தூரம் கான்கிரீட் போட்டுவிட்டு, எட்டு மாதமாக அப்படியே கிடக்கிறது. வேலை ஏன் நின்றது, யார் பொறுப்பு, எப்போது முடிப்பீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கு மனு போட்டேன். ‘தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன், ‘இதெல்லாம் வேலைக்கு ஆகாதும்மா’ என்கிறார். விட்டுவிடலாமா? (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: விடாதீர்கள். உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் நீங்கள் கேட்ட விதம் அவர்கள் தட்டிக்கழிக்க வசதியாகப் போய்விட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குத் தருவது, அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைப் பார்க்கவும் நகல் வாங்கவும் உள்ள உரிமை. நின்றுபோனதற்கான காரணம் ஏதோ ஒரு காகிதத்தில் எழுதப்பட்டிருந்தால் அந்தக் காகிதம் உங்களுக்குக் கிடைக்கும். எழுதப்படவில்லை என்றால், உங்களுக்காகப் புதிதாக விளக்கம் எழுதித் தரும் கடமை, மனுவுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. 2011இல் சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது, கூடவே தேர்வு எழுதியவர்கள் திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. விடைத்தாள் கையில் இருக்கிற ஆவணம், அதனால் கிடைத்தது.

சரி, உங்கள் மூன்று கேள்வியையும் ஆவணமாக மாற்றுவோம். ‘எப்போது முடிப்பீர்கள்’ என்பதற்குப் பதில் பணி ஆணையில் இருக்கிறது. ஒப்பந்ததாரர் எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும் என்று அதில் போட்டிருப்பார்கள். ‘ஏன் நின்றது’ என்பதற்கு, அவர் கால நீட்டிப்பு கேட்டு எழுதிய கடிதம், அதன்மேல் போட்ட உத்தரவு, தாமதத்துக்காக மாநகராட்சி அனுப்பிய நோட்டீஸ் ஆகியவற்றைக் கேளுங்கள். நோட்டீஸே அனுப்பவில்லை என்றால் ‘அப்படி ஆவணம் எதுவும் இல்லை’ என்று எழுதித்தான் தர வேண்டும், அந்த ஒரு வரியே வார்டு கவுன்சிலரிடம் கொண்டுபோய்க் காட்டப் போதுமானது. ‘யார் பொறுப்பு’ என்பதற்கு எம்-புக், அதாவது அளவுப் புத்தகம்.

இந்த எம்-புக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனு போடுகிறவர்களில் பாதிப் பேர் மதிப்பீட்டையும் பில்லையும் கேட்டுவிட்டு இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். செய்து முடித்த வேலையைப் பொறியாளர் நேரில் அளந்து, நீளம், அகலம், ஆழம், மொத்த அளவு என்று கட்டம் கட்டமாக எழுதிக் கையெழுத்துப் போடுகிற பதிவு அது, அதை வைத்துத்தான் பில் போடுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் போட்ட ஒரு கால்வாய்க்காக நானே அலுவலகத்துக்குப் போய் இந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். ஓரம் நைந்து போன நீளமான புத்தகம். எங்கள் தெருவுக்கான பக்கத்தில் நீளம் 62 மீட்டர் என்று நீல மையில் எழுதி, கீழே இரண்டு கையெழுத்து, தேதி எல்லாம் இருந்தது. அன்று சாயங்காலமே தையல்கார நண்பரின் டேப்பை வாங்கிக்கொண்டு தெருவில் அளந்தோம். 48 மீட்டருக்கு மேல் கால்வாயே இல்லை. அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலை இணைத்து ஆணையருக்குப் புகார் கொடுத்தபோதுதான், அதுவரை எங்களை உட்காரச் சொல்லக்கூட மனமில்லாத இடத்தில், எங்கள் பேச்சை நின்று கேட்டார்கள்.

மனு இப்படி இருக்கட்டும்: ‘வார்டு எண் இத்தனை, இன்ன தெருவில் நடந்த மழைநீர் வடிகால் பணி தொடர்பான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், இதுவரை பணம் கொடுத்த பில்கள், கால நீட்டிப்புக் கடிதப் போக்குவரத்து ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும். மேற்படி கோப்பை நேரில் பார்வையிடவும் நாளும் நேரமும் குறித்துத் தரவும்.’ அவ்வளவுதான். வரலாறு, வேதனை, திருக்குறள் எதுவும் மனுவில் வேண்டாம், அதற்குப் புகார் மனு தனியாக இருக்கிறது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரியிட்டு அனுப்புங்கள், அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் கணக்கில் நகல் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். உடனே கட்டிவிடுங்கள், ஏனென்றால் அந்தக் கடிதம் அனுப்பிய நாள் முதல் நீங்கள் பணம் கட்டும் நாள் வரை, அவர்கள் தகவல் தர வேண்டிய 30 நாள் கெடுவில் சேராது. பார்வையிடும்போது முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கான்கிரீட் தரத்தில் சந்தேகம் இருந்தால் பொருளின் மாதிரியைக் கேட்டு வாங்கவும் இதே சட்டத்தில் இடம் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது.

கேள்வி: வீட்டு வரி உயர்த்தியது பற்றி மனு போட்டு 41 நாள் ஆகிறது, ஒரு தகவலும் இல்லை. போய்க் கேட்டால் ‘அது வேற செக்‌ஷன்’ என்கிறார்கள்.

பதில்: வேறு பிரிவு என்று உங்களை அலைய விட அவர்களுக்கு உரிமை கிடையாது. வேறு அலுவலகத்துக்கே உரிய விஷயம் என்றாலும் 5 நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்பிவிட்டு உங்களுக்குக் கடிதம் போட வேண்டும், ஒரே அலுவலகத்துக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். நீங்கள் இனி நடையாய் நடக்க வேண்டியதில்லை. 30 நாள் கடந்த அன்றே மறுத்ததாகத்தான் கணக்கு, அதிலிருந்து 30 நாளுக்குள் அதே மாநகராட்சியின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், கட்டணம் இல்லை. உங்களுக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது, கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். அந்த மேல்முறையீட்டில் ‘கெடு தாண்டிவிட்டதால் 7(6) பிரிவின்படி நகல்களைக் கட்டணமில்லாமல் தர வேண்டும்’ என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். அங்கேயும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. அங்கே விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். ஆனால் தகுந்த காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது, அதுவும் அவருடைய சொந்தப் பணத்திலிருந்து.

கேள்வி: மனு போட்ட மூன்றாம் நாள் ஒப்பந்ததாரரின் ஆள் போன் செய்து ‘எதுக்கு சார் இதெல்லாம் கேக்குறீங்க’ என்கிறார். காரணம் சொல்ல வேண்டுமா? பயமாகவும் இருக்கிறது.

பதில்: சொல்ல வேண்டாம், அலுவலகமே கேட்டாலும் சொல்ல வேண்டாம், தொடர்புகொள்ள முகவரி தவிர வேறு எந்தச் சொந்த விவரமும் கேட்கக் கூடாது என்று 6(2) பிரிவு சொல்கிறது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் காரணம் சொல்ல வேண்டும் என்று வந்து பரபரப்பானது, சில நாளிலேயே நீதிமன்றம் தானாகவே அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. இன்னும் சிலர் அதைக் காட்டி மிரட்டினால் நம்பாதீர்கள்.

உங்கள் பயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தகவல் கேட்டவர்கள் தாக்கப்பட்டதும் கொல்லப்பட்டதும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. அந்த போன் வந்த எண், நாள், நேரம், பேசியது எல்லாவற்றையும் எழுதி வைத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். உங்கள் விவரம் எப்படி வெளியே போனது என்று ஆணையருக்கும் எழுதுங்கள். வீட்டு முகவரி கொடுக்கத் தயங்கினால் தபால் பெட்டி எண் எடுத்துக்கொள்ளலாம், 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அது போதும் என்று சொல்லியிருக்கிறது. அப்புறம், ஒரே மனுவை உங்கள் தெருவில் நான்கைந்து பேர் தனித்தனியாகப் போடுங்கள். ஒருவரை மிரட்டுகிறவர்கள் ஐந்து வீட்டுக்கும் போன் போடுவதற்கு யோசிப்பார்கள்.