ஆன் ஆகாத லேப்டாப்: சரிசெய்வதா, விற்றுவிடுவதா? டர்பன் நண்பர்களுக்குப் பதில்கள்

சாட்ஸ்வொர்த் அக்கா: மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தபோது அணைந்தது. இப்போது லைட்கூட எரியவில்லை. கடையில் "மதர்போர்டு போச்சு, 4500 ராண்ட்" என்கிறார்கள். விற்றுவிடவா?

அவசரப்படாதீர்கள் அக்கா. லைட்டே வராவிட்டால் முதல் சந்தேகம் சார்ஜர் மேல்தான். கரண்ட் திரும்பும் நொடியில் வோல்டேஜ் எகிறினால் முதல் அடி அதற்குத்தான் விழும். 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது என்னிடம் "செத்துப்போச்சு" என்று வந்தவற்றில் பல, வேறு சார்ஜர் மாட்டியதும் எழுந்துவிட்டன. அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் வாட் உள்ள பொருத்தமான சார்ஜரைக் கடன் வாங்கிப் பாருங்கள். அப்படியும் அசையாவிட்டால் சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிகிற பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள்.

அதற்கும் எழவில்லையா, கடைக்காரரிடம் "போர்டில் எந்தப் பாகம்?" என்று கேளுங்கள். ஷார்ட் ஆன கெபாசிட்டர் என்ற ஒரு சிறு பாகத்தை மாற்றுவதும் முழு போர்டையே மாற்றுவதும் ஒன்றல்ல. மீட்டர் வைத்துப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம். வாங்கிய விலையை மறந்துவிட்டு, அதே மாடல் ஓடுகிற நிலையில் இன்று செகண்ட்ஹேண்டில் என்ன விலை போகிறது என்று பாருங்கள். ரிப்பேர் அதில் பாதியைத் தாண்டினால் நான் கை வைக்கமாட்டேன். செய்தால் பில் வாங்குங்கள், நம் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாற்றிய பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் 3 மாத வாரண்டி உண்டு. எந்த முடிவானாலும், உங்கள் ஃபைல்கள் இருக்கும் டிஸ்கை முதலில் வெளியே எடுங்கள்.

ஃபீனிக்ஸ் தம்பி: ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீன் கருப்பு.

டிவியில் எச்டிஎம்ஐ மாட்டிப் பார். அங்கே படம் வந்தால் ஸ்கிரீன் அல்லது அதன் கேபிள். வராவிட்டால் ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டையை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி போடு. நம் ஊர் உப்புக்காற்றுக்கு இது அடிக்கடி நடப்பது.

மெரிபேங்க் அன்பர்: மேக்புக் மேல் தண்ணீர் கொட்டியது, 3 நாள் அரிசியில் வைத்தும் ஆன் ஆகவில்லை. டிஸ்கை எடுத்துவிட்டு விற்கலாமா?

ஆப்பிளின் எம்1 சிப் முதல் வந்த மேக்புக்குகளில் கழற்ற டிஸ்க் இல்லை ஐயா. சேமிப்பு போர்டிலேயே பற்றவைத்திருக்கும், அதில் உள்ளவை பூட்டப்பட்டிருக்கும், அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியும் சிப்புக்குள் இருக்கும். போர்டு உயிர்பெறாமல் உள்ளே இருக்கும் உங்கள் படங்கள், ஃபைல்கள் வராது. பேக்கப் இல்லையென்றால் நான் சொன்ன பாதி விலைக் கணக்கை விட்டுவிட்டு ரிப்பேருக்குக் கொடுங்கள். அரிசியால் பயனில்லை, நீங்கள் காத்திருந்த 3 நாளும் உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருந்திருக்கும்.

டொங்காட் அன்பர்: நின்றுபோன லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப்புக்குச் சூடு காட்டினேன், ஓடுகிறது. இப்படியே விற்றால் நல்ல விலை கிடைக்குமே?

வேண்டாம். சூட்டில் எழுந்த சிப் பெரும்பாலும் சில வாரங்களில் மறுபடி படுத்துவிடும்.

டொங்காட் அன்பர்: என் நண்பருடையது 2 வருடம் ஓடியது. வாங்குபவர் பார்த்துத்தானே வாங்குகிறார்?

2 வருடம் ஓடியதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு நாள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பார்த்து வாங்குபவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? கடையில் வாங்கியிருந்தால் 6 மாதத்துக்குள் குறையைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம், தனி ஆளிடம் வாங்கியவருக்கு அந்தச் சட்டம் துணைக்கு வராது. பழைய லேப்டாப் தேடி வருபவர் பெரும்பாலும் பிள்ளையின் படிப்புக்காகச் சேர்த்து வைத்த காசோடு வருகிறவர்.

ஐசிபிங்கோ அக்கா: அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தவள் நான். பத்தே நாள் ஓடியது.

இதற்குமேல் நான் என்ன சொல்ல? "சூடு காட்டியது, எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம்" என்று சொல்லி, உதிரிப்பாக விலைக்குக் கொடுங்கள். ஸ்கிரீன், ரேம், கீபோர்டுக்கு நியாயமான காசு வரும்.

வெருலம் தம்பி: 7-ம் தலைமுறை இன்டெல் சிப் உள்ள லேப்டாப், ஆன் ஆகவில்லை. ரிப்பேரா, விற்பதா?

விற்றுவிடு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, 11-க்கு அந்தத் தலைமுறை அநேகமாகத் தேறாது. டிஸ்கை எடுத்துவிட்டு விற்க வேண்டும்.

இன்னொரு தம்பி: லைட் எரியவில்லை, விற்கலாமா?

முதல் பதிலைப் படி தம்பி. சார்ஜர்.

சாட்ஸ்வொர்த் அக்கா: சார்ஜர் மாற்றியும் வரவில்லை. டிஸ்கைக் கழற்றி மகன் கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்கச் சாவி கேட்கிறது!

பயப்படாதீர்கள், அது பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. நீங்கள் உள்ளே நுழையப் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கை போனில் திறந்து, மீட்புச் சாவிகள் பகுதியைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். கிடைக்கும்வரை லேப்டாப்பை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.