கால்பந்து ரவுடித்தனம்: தாட்சர் கால வேலையின்மை மட்டும் காரணமா?

பிரிட்டனில் கால்பந்து ரசிகர்கள் அடித்துக்கொண்டதற்கு தாட்சர் ஆட்சிக்கால வேலையின்மைதான் காரணம் என்று மட்டும் எழுதினால் கட்டுரை நிற்காது. காலக்கணக்கே இடிக்கும். தாட்சர் பிரதமரானது 1979-இல். ஸ்கின்ஹெட் எனப்பட்ட, முடியை ஒட்ட வெட்டிய இளைஞர் கும்பல்கள் மைதானங்களில் அடித்துக்கொண்டதோ 1960-களின் கடைசியில், வேலை தாராளமாகக் கிடைத்த காலத்தில்.

ஆண்மை பற்றிய எண்ணத்தையும் சேர்த்துப் பாருங்கள். துறைமுகம், சுரங்கம், ஆலை இருந்தவரை உடல்வலுதான் ஆம்பளைக்கு அடையாளம். அவை ஒவ்வொன்றாக மூடின. ஆம்பளை என்ற முறுக்கு மட்டும் மிஞ்சியது.

சந்தேகமிருந்தால் 1980-களின் 'கேஷுவல்ஸ்' எனப்பட்ட ரசிகர் கும்பல்களின் உடையைக் கவனியுங்கள். ஃபிலா, லகோஸ்ட், செர்ஜியோ டாக்கினி என்று விலை கூடிய டென்னிஸ் உடுப்புகள். கிளப் நிறமே இருக்காது, போலீஸ் கண்ணில் படாமல் தப்பிக்கலாம். கையில் காசில்லாதவன் கோலமா இது? (சிலர் கடையில் சுட்டதும் உண்டு.) சட்டை கசங்கக் கூடாது, சண்டையிலும் பின்வாங்கக் கூடாது: பழைய ஆலைத் தொழிலாளி சிரித்திருப்பார்.

ஒரு எச்சரிக்கை: ரசிகர் வன்முறையில் 39 பேர் இறந்த 1985 ஹெய்சல் மைதானச் சம்பவத்தையும் 1989 ஹில்ஸ்பரோ மைதானச் சம்பவத்தையும் ஒன்றாகக் கோக்காதீர்கள். ஹில்ஸ்பரோவில் 97 பேரைக் கொன்றது நெரிசல். ரசிகர்கள் மேல் தப்பில்லை என்று 2016-இல் ஜூரி தெளிவாகச் சொல்லிவிட்டது. 'இப்போது ஒழிந்துவிட்டது' என்றும் முடிக்காதீர்கள், 2021 யூரோ இறுதிப்போட்டியன்று டிக்கெட் இல்லாதவர்கள் லண்டனின் வெம்ப்ளி மைதானத்துக்குள் முட்டிமோதி நுழைந்தார்கள்.