இன்கா கோட்டையும் அமேசான் கப்பலும்: 17 லட்சத்தை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: எனக்கு 63 வயது, தனியார் நிறுவனத்தில் ஓய்வு பெற்றவன். மனைவி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை. திருச்சியில் சொந்த வீடு, கடன் இல்லை, மகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது. மனைவியின் பென்ஷன் 38,000 ரூபாயில் குடும்பம் ஓடுகிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 14 மாதங்களுக்கு முன் ஒரே கணக்காக 30 லட்சம் போட்டேன். வங்கியில் 4 லட்சம் வீதம் மூன்று எஃப்.டி., பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டில் 9 லட்சம் இருக்கின்றன. இன்காக்களின் பழைய மலைநகரமான மச்சு பிச்சுவை நேரில் பார்க்க வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. அடுத்த மே மாதம் வழிகாட்டியுடன் பெரு நாட்டுப் பயணம், கடைசியில் அமேசானில் நான்கு இரவு கப்பல் என்று ஒரு ஏஜென்ட் இருவருக்கும் 17 லட்சம் கேட்கிறார். விமானம் 4.4, இன்கா இடங்கள் ஒன்பது நாள் 5.2, கப்பல் 5.9, வரி, விசா, காப்பீடு 1.5 என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார். சேமிப்புத் திட்டத்தை முடித்து எடுக்கலாமா, இல்லை பயணக் கடன் வாங்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். ஆனால் பயணம் போகலாம்.

சேமிப்புத் திட்டக் கணக்கை முதலில் பார்ப்போம். அதில் கொஞ்சம் மட்டும் எடுக்க வழியில்லை. எடுத்தால் கணக்கையே முடிக்க வேண்டும். ஓராண்டு தாண்டி இரண்டாண்டுக்குள் முடித்தால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள், உங்களுக்கு அது 45,000 ரூபாய். அதோடு போகவில்லை. 8.2 சதவீத வட்டியில் இப்போது காலாண்டுக்கு 61,500 ரூபாய் வருகிறது. 17 லட்சம் போக மீதி 13 லட்சத்தை அதே விகிதத்தில் மறுபடி போட்டாலும் வருவது 26,650தான். பயணம் முடிந்து வந்த பிறகும் ஒவ்வொரு காலாண்டும் அந்தக் குறைவை நீங்கள் உணர்வீர்கள்.

கடனைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 8.2 சதவீதம் தரும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைவிடக் கூடுதல் வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கி ஊர் சுற்றுவது இந்த வயதில் தேவையில்லாத தலைவலி.

சரி, 17 லட்சத்துக்கு வருவோம். ஏஜென்ட் விலையைப் பிரித்துக் கொடுத்ததே பெரிய உபகாரம், பலர் கொடுப்பதில்லை. டீச்சரின் ஆசை மச்சு பிச்சு. அதற்கான ஒன்பது நாளுக்கு 5.2 லட்சம், அவர் கேட்காத கப்பலின் நான்கு இரவுக்கு 5.9 லட்சம். ஓர் இரவுக்கு 1,47,500 ரூபாய்! கப்பல் மோசம் என்று சொல்லவில்லை. இக்கிடோஸ், நவுட்டா பகுதியிலிருந்து கிளம்பும் இந்தச் சிறு கப்பல்கள் பகாயா-சமீரியா காப்பகம் வரை போகும். மரன்யோன், உகயாலி என்ற இரு ஆறுகள் சேர்ந்து அமேசானாவது அங்கேதான். மே மாதம் தண்ணீர் இன்னும் ஏறி நிற்கும், சின்னப் படகில் வெள்ளக் காட்டுக்குள்ளேயே போகலாம். இளஞ்சிவப்பு ஓங்கில்களும் (டால்ஃபின்) உண்டு. பணம் தாராளமாக இருப்பவர்களுக்கு அருமையான செலவு.

உங்களுக்கு நான் சொல்வது வேறு. மச்சு பிச்சு போகிறவர்கள் தங்கும் மலைநகரான குஸ்கோவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் புவர்ட்டோ மல்டொனாடோ. அதுவும் அமேசான் காடுதான். தம்போபாத்தா காப்பகத்தை ஒட்டி ஆற்றங்கரை விடுதிகள் இருக்கின்றன. விடுதிக்குப் போவதே படகில்தான், வழிகாட்டியும் சாப்பாடும் பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கிவிடும். ஆற்றங்கரை மண்ணைக் கொத்தித் தின்னக் கூட்டமாக வரும் பஞ்சவர்ணக் கிளிகளைப் பார்க்கலாம். ஓங்கில்தான் கிடைக்காது. அது கட்டாயம் வேண்டுமென்றால் இக்கிடோஸ் பக்கத்திலும் இதுபோன்ற விடுதிகள் உண்டு. ஆனால் பக்கத்து நவுட்டாவைத் தவிர வேறு வெளியூரிலிருந்து இக்கிடோஸுக்குச் சாலையே கிடையாது, விமானம் அல்லது ஆறு. அந்த உள்நாட்டு விமானக் கட்டணம் 5.9 லட்சத்துக்குள் இருக்கிறதா, 4.4 லட்சத்தில் இருக்கிறதா, எதிலுமே இல்லையா என்று கேட்டுப் பாருங்கள்.

கப்பலை விட்டுவிட்டால் 11.1 லட்சம். காட்டு விடுதி மூன்று இரவு சேர்த்து மொத்தம் 13 லட்சத்துக்குள் திட்டத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பணம்: இரண்டு எஃப்.டி. 8 லட்சம், பயணத்துக்குள் வரும் மூன்று காலாண்டு வட்டி 1,84,500, மீதி 3.2 லட்சம் மியூச்சுவல் ஃபண்டிலிருந்து. ஃபண்டில் எடுப்பதை இப்போதே எடுத்துவிடுங்கள். மே மாதம் தேவைப்படும் பணம் பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகள் என்றால் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. இப்படிச் செய்தால் திரும்பி வரும்போது 30 லட்சம் அப்படியே இருக்கும், அவசரத்துக்கு ஒரு எஃப்.டி.யும் ஃபண்டில் 5.8 லட்சமும் கையில் நிற்கும்.

அந்த 1.5 லட்சத்தில் இருக்கும் வரியையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஜி.எஸ்.டி. போனது போனதுதான். ஆனால் வெளிநாட்டுச் சுற்றுலாப் பொதிக்கு ஏஜென்ட் வசூலித்து அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ். என்ற வரி செலவே இல்லை, உங்கள் பான் எண்ணில் அரசிடம் போய் நிற்கும் முன்பணம். 2020 அக்டோபரில் வந்ததிலிருந்து அதன் விகிதமும் வரம்பும் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதனால் பணம் கட்டும் அன்றைய விகிதத்தைக் கேளுங்கள். யார் பெயரில் ரசீது, யார் பான் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருமான வரித் துறையின் வரிப் பிடித்தக் கணக்கில் பதிவானதா என்று சரிபார்த்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் வரியில் கழியும், மிச்சம் திரும்பி வரும். வருமானம் வரி வரம்புக்குக் கீழே என்று கணக்கே தாக்கல் செய்யாமல் இந்தப் பணத்தை விட்டுவிடுபவர்கள் நிறைய.

அப்புறம், முன்பணம் கட்டுவதற்கு முன் ரத்து விதிகளை எழுத்தில் வாங்குங்கள். மச்சு பிச்சு நுழைவுச்சீட்டு பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்கு, குறிப்பிட்ட நாளுக்கும் நேரத்துக்கும் கொடுப்பது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் தொல்லை. 2010 ஜனவரி மழையில் ரயில் பாதை அடித்துப்போய் ஆயிரக்கணக்கானோர் மலையடிவாரத்தில் மாட்டிக்கொண்டார்கள், ஹெலிகாப்டரில்தான் மீட்டார்கள். 2023 ஜனவரியில் அரசியல் போராட்டங்களால் மச்சு பிச்சுவையே மூடி, பிப்ரவரியில்தான் திறந்தார்கள். இப்படி நடந்தால் ஏஜென்ட் எவ்வளவு திருப்பித் தருவார், காப்பீடு எதை ஏற்கும் என்பது தெரிய வேண்டும். பாலிசியில் மருத்துவ மீட்புச் செலவு, உயர மலை நோய் இரண்டும் இருக்கட்டும். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம், மச்சு பிச்சுவோ 2,430தான். முதலில் குஸ்கோவைவிடத் தாழ்வான பள்ளத்தாக்கில் தங்கிவிட்டுக் கடைசியில் குஸ்கோ என்று திட்டம் இருந்தால் உடம்புக்கு நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் பாலிசிப் படிவத்தில் மறைக்காதீர்கள்.

மே மாதத்தை மாற்ற வேண்டாம். மலையில் மழை ஓய்ந்திருக்கும், ஜூன் 24 இன்டி ராய்மி திருவிழாக் கூட்டமும் வந்திருக்காது. விமானம் அமெரிக்கா வழியாக என்றால், மாறி ஏறுவதற்கே அந்நாட்டு விசா வேண்டும், அந்தச் செலவும் அலைச்சலும் தனி.

கடைசியாக, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெருவிலிருந்து திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஆனால் 60 வயதுக்கு மேல் இந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் கூடுதல். அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே இருவரும் உங்கள் டாக்டரைப் பாருங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் காட்டுப் பகுதியை விட்டுவிட்டு மலைப் பகுதியை மட்டும் வைத்து ஏஜென்டிடம் புது விலை கேளுங்கள். அப்போதும் ஊசி போட முடியாததற்கான மருத்துவச் சான்று திரும்பி வரும்போது செல்லுமா என்று விமான நிலையச் சுகாதார அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.