கூந்தன்குளத்துக்கு முன்னால் பள்ளி முற்றம்

அன்புள்ள ஐயா,

நாங்குநேரி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 34 பிள்ளைகள், டீச்சர் இரண்டு பேர். போன ஜனவரியில் எல்லாரையும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போனோம். பறவை பார்த்த நேரத்தைவிட முறுக்குத் தின்ற நேரம்தான் அதிகம். மறுநாள் எழுதச் சொன்னால் எல்லா நோட்டிலும் "மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது" என்று ஒரே வரி. செலவில்லாமல், பாடத்தோடு ஒட்டி, இரண்டு பேரால் சமாளிக்கிற மாதிரி வெளியே என்ன செய்யலாம்? "பிள்ளையை ஏன் வெயில்ல நிறுத்துறீங்க" என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன சொல்ல?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

அந்த ஒரே வரிக்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. "நல்லா பாருங்க" என்று மட்டும் சொல்லி இறக்கிவிட்டால் பெரியவர்களும் அதைத்தான் எழுதுவார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கையில் ஒரு சோலி வேண்டும். எண்ணணும், அளக்கணும், போன தடவையோடு ஒத்துப் பார்க்கணும். அந்தப் பழக்கம் பஸ் ஏறிப் போன இடத்தில் திடீரென்று வராது. வாரம் ஒரு நாள், நாற்பது நிமிஷம், பள்ளி முற்றத்திலேயே பழக்குங்கள்.

34 பேரை எட்டுக் குழுவாக்கலாம். வகுப்பு கலந்து இருக்கட்டும். ஒருவர் அளக்க, ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் சாமான் பிடிக்க. வேலை வாராவாரம் மாற வேண்டும்; விட்டால் கையெழுத்து அழகான பிள்ளையே வருஷம் முழுக்க எழுதும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். குழுவுக்கு ஒரு பரீட்சை அட்டை, அதில் நூலால் கட்டிய பென்சில். கட்டாத பென்சில் பத்து நிமிஷத்தில் காணாமல் போகும்.

முதலில் நிழல். நேரான கம்பு ஒன்றைத் தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் நிற்கும்படி, சமதரையில் நடுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கம்பு சாயாமல் நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். இதில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். கம்பு கொஞ்சம் சாய்ந்தாலும் கணக்கு கெடும். 12.05-இல் தொடங்கி 12.40 வரை, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு குழு போய் நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்துவிட்டு நீளத்தை அளந்து வரட்டும். மற்ற ஏழு குழுவும் வராந்தாவில். பெற்றோருக்கும் இதையே சொல்லுங்கள்: ஒரு பிள்ளை வெயிலில் நிற்பது ஐந்து நிமிஷம்.

மிகக் குட்டையான நிழல் பன்னிரண்டு மணிக்கு விழாது, 12.20-ஐ ஒட்டித்தான் விழும். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் அதற்கு மேற்கே 77.7-இல் இருக்கிறோம். (நவம்பர் தொடக்கத்தில் 12.03-க்கே உச்சி வந்துவிடும். அக்டோபர், நவம்பரில் மட்டும் 11.50-க்கே ஆரம்பியுங்கள்.) ஜூன் 21-ஐ ஒட்டி உச்சி நிழல் தெற்கே விழும், சுமார் 27 செ.மீ. டிசம்பர் 22-ஐ ஒட்டி வடக்கே, சுமார் 62 செ.மீ. நடுவே ஏப்ரல் 12, ஆகஸ்ட் 31 பக்கம் நிழல் கம்பின் அடியிலேயே அடங்கிவிடும். ஆகஸ்டில் பள்ளி நடக்கும், அதை விட்டுவிடாதீர்கள். ஸ்கேல் படிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புக்கு, நிழல் நீளத்துக்குக் காகித நாடா வெட்டிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மாதம் ஒன்று ஒட்டினால், ஐந்தாம் வகுப்பின் பட்டை வரைபடப் பாடம் சுவரிலேயே தயார்.

அடுத்து பனை. நம் பக்கத்தில் பனங்கிழங்கு போடாத பள்ளி இருப்பது எனக்கு ஆச்சரியம்தான். ஆவணி, புரட்டாசியில் விழும் பழம் பத்து போதும். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். மொத்தம் எத்தனை தேறும் என்று உரிப்பதற்கு முன்னாலேயே ஊகித்து எழுதட்டும். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில், சுற்றிச் செங்கல் அடுக்கி, மணல் கலந்த பொலபொலப்பான மண்ணை ஒன்றரை அடி உயரத்துக்கு நிரப்புங்கள். கொட்டைகளைக் கண் பக்கம் கீழே பார்க்க, வரிசைக்கு ஆறாக அடுக்கி, மேலே மெல்ல மண் தூவுங்கள். மழை பிடிக்கும் வரை வாரம் இரண்டு தடவை தெளித்தால் போதும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். களிமண்ணிலோ உயரம் குறைந்த பாத்தியிலோ போட்டால் கிழங்கு வளைந்து, பிடுங்கும்போது ஒடியும். ஆடு, பன்றி வராமல் சுற்றி உடைமுள் வையுங்கள்.

ஆறு வாரம் கழித்து ஒரு கொட்டையை மட்டும் தோண்டிக் காட்டுங்கள். அவரை விதையில் முளை மேலே வருவதைப் பார்த்த பிள்ளைக்கு, பனையில் அது முதலில் கீழே இறங்குவது பெரிய அதிசயம். பொங்கல் லீவுக்கு முந்தின வாரம் மொத்தமாகப் பிடுங்கலாம். முளைத்தவை எத்தனை, நீளம் எவ்வளவு, சராசரி என்ன, எடை எவ்வளவு: நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு பாதி அதிலேயே வந்துவிடும். அளந்து முடித்த பிறகு கிழங்கை அவிக்கலாம், கொட்டையை வெட்டி உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் தவுனைத் தின்னலாம். முன்னால் கொடுத்தால் அளக்க எதுவும் மிஞ்சாது.

ஐப்பசி, கார்த்திகையில் மழையை அளக்கலாம். நேர்ச்சுவர் உள்ள, அடி தட்டையான டப்பா ஒன்றை மரத்துக்கும் இறவாரத்துக்கும் தள்ளி, காற்றில் சாயாமல் செங்கல் அணைத்து வைத்தால் போதும். இடுப்பு குறுகின பாட்டில் தப்புக் கணக்கு காட்டும். 10 மி.மீ. பெய்தால் 30 சதுர மீட்டர் கூரையில் 300 லிட்டர் தண்ணீர் என்பதைப் பிள்ளைகளே பெருக்கிச் சொல்வார்கள். ஓடையிலும் கால்வாயிலும் தண்ணீர் போகும் மாதங்களில் அந்தப் பக்கம் கூட்டிப் போகவே வேண்டாம்.

இவ்வளவும் பழகிய பிறகு கூந்தன்குளம் போங்கள். குழுவுக்கு ஒரு மரம். கூடுகளை மூன்று பேர் தனித்தனியே எண்ணி, நடு எண்ணை எழுதட்டும். முழுப் பறவையை வரையச் சொல்லாதீர்கள், அலகு மட்டும் போதும். கூழைக்கடா அள்ளுகிறது, கரண்டிவாயன் தண்ணீரை இடவலமாகத் துழாவுகிறது, மஞ்சள் மூக்கு நாரை அலகைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுகிறது. எது எப்படித் தின்கிறது என்பதைப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வரியில் எழுதட்டும். காலையில் சீக்கிரம் போய், வேலை முடிந்த பிறகு தின்பண்டப் பையைத் திறங்கள். மழை பொய்த்து குளம் வற்றின வருஷத்தில் கூடு அதிகம் இருக்காது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த ஊரில் யாரிடமாவது விசாரித்துவிடுங்கள். ஜனவரியில் எண்ணிய அதே மரங்களை மார்ச்சிலும் எண்ண முடிந்தால் நல்லது. பஸ் செலவு கட்டுப்படாவிட்டால், இரண்டாம் தடவை ஐந்தாம் வகுப்பை மட்டும் கூட்டிப் போங்கள்.