ஹட்யாய் போகிறோம், பெரியவர்களும் வருகிறார்கள். சாப்பாட்டை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: வார இறுதியில் குடும்பத்தோடு தென் தாய்லாந்தில் இருக்கும் ஹட்யாய் போகிறோம். அப்பாவும் அம்மாவும் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். அம்மா சில நாள் சைவம். வெளியில் சாப்பிடுவதை எப்படித் திட்டமிடுவது?

பதில்:

முதலில் பசியாறலை, அதாவது காலைச் சாப்பாட்டைத் திட்டமிடுங்கள். இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து போகிறவர்களில் நிறையப் பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். காலையில் ஹோட்டல் பஃபேயில் ரொட்டியும் முட்டையும், பகலெல்லாம் கடை கடையாக அலைச்சல், இரவு எட்டு மணிக்குப் பசியோடு இந்தியச் சாப்பாட்டுக் கடை தேடுவது. அந்த நேரத்தில் பெரியவர்களுக்குக் கால் வலிக்கும், பொறுமையும் போயிருக்கும். கிடைத்த கடையில் உட்கார்ந்து, வீட்டில் வைப்பதைவிடச் சுமாரான குழம்புக்கு நிறையக் காசு கொடுத்துவிட்டு வருவார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அவ்வளவு நல்ல சாப்பாடு கிடைக்கிற ஊர் அது.

தாய்லாந்து நேரம் நமக்கு 1 மணி நேரம் பின்னால். தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய்ப் பழகிய உடம்புக்கு ஐந்தரைக்கெல்லாம் விழிப்பு வந்துவிடும். அங்கே அப்போது நாலரைதான். ஹோட்டல் பஃபே திறக்கிற வரைக்கும் அறையில் உட்கார்ந்திருப்பானேன்? பசியாறல் சேராத அறையாகப் பதிவு செய்துகொண்டு, வெளிச்சம் வந்ததும் கிம் யோங் சந்தைப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். வெயில் ஏறவில்லை, கூட்டமில்லை, எல்லாம் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருக்கும்.

சந்தையிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் என்ன சாப்பிடலாம்? சூடாகப் பொரித்த பாத்தோங்கோ, நம் ஊர் சீனர் கடையில் கிடைக்கும் யூ சார் குவே என்கிற பொரித்த மாவுப் பண்டத்தின் தம்பி. அதைப் பாண்டான் மணக்கும் பச்சை நிறக் கஸ்டர்டில் தொட்டுச் சாப்பிடுவார்கள். கூடவே சோயா பால். முஸ்லிம் கடைகளில் ரொட்டியும் பால் டீயும் இருக்கும், காவ் மோக் என்கிற மஞ்சள் பிரியாணியும் கிடைக்கும். திம்சம் (ஆவியில் வேகவைத்த சீனச் சிறு பண்டங்கள்) கடைகளுக்கும் அந்த ஊர் பேர் போனது, ஆனால் பெரும்பாலான தட்டுகளில் பன்றி இருக்கும். அது ஒத்துக்கொள்ளும் குடும்பம் என்றால் போங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது காவ் கேங் கடைகளைப் பற்றி. நம் நாசி சம்புர் (சோறும் கலந்த கறிகளும்) கடை மாதிரியேதான்: குழம்பு, பொரியல், வறுவல் எல்லாம் தட்டுத் தட்டாகக் கண்ணெதிரே இருக்கும், விரலைக் காட்டினால் சோற்றின் மேல் வைத்துக் கொடுப்பார்கள். மொழியே வேண்டாம். தென் தாய்லாந்துக் குழம்பில் மஞ்சளும் காரமும் தூக்கலாக இருக்கும், புளிப்பும் சேரும். நம் பெரியவர்களின் நாக்குக்கு அது அந்நியமாகத் தெரியாது. பெத்தாயும் (வாசனை தூக்கலான பச்சைக் கொட்டை) இறாலும் போட்டு வதக்கியது கண்ணில் பட்டால் விடாதீர்கள். மேசைக்குப் பச்சைக் காய்கறித் தட்டு ஒன்று தானாக வரும். வெள்ளரி, பயற்றங்காய், பெயர் தெரியாத கீரைக் கொழுந்துகள். பொதுவாக அதற்குத் தனிக் காசு இல்லை. இந்தக் கடைகளில் பல, பகல் தாண்டினால் தட்டு காலியாகி மூடிவிடும். அதனாலும்தான் காலை, காலை என்கிறேன்.

மாட்டிறைச்சி விஷயத்தில் கவனம் தேவை. கோழிக் குழம்பும் மாட்டுக் குழம்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கரண்டி மாறும். நூடல்ஸ் கடையில் மேலே கோழி வைத்தாலும் சூப் மாட்டெலும்பில் கொதித்ததாக இருக்கலாம். முஸ்லிம் கடைகளில் மலாய் தெரிந்தவர்கள் இருப்பார்கள், 'தாக் மாவ் டாகிங் லெம்பு' (மாட்டிறைச்சி வேண்டாம்) என்று சொல்லிவிடலாம். மற்ற இடங்களுக்கு, தாய் மொழியில் அதையே பெரிய எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

அம்மாவின் சைவ நாளுக்கு, கீரை வதக்கல் என்று மட்டும் கேட்டால் போதாது. மீன் சாறோ சிப்பி சாஸோ கேட்காமலே விழும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடையைத் தேடுங்கள். அந்த எழுத்து பார்க்க 17 என்ற எண் மாதிரி இருக்கும். அங்கே மீன், இறைச்சி மட்டுமில்லை, முட்டை, பால், வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. விரதம் இருக்கிறவர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். இன்னொன்று, சைவம் கிடைக்காதே என்று புரட்டாசியில் போவதற்குப் பலர் தயங்குகிறார்கள். ஆனால் சீனர்களின் ஒன்பதாம் மாத முதல் ஒன்பது நாள், சைவ விரதம் இருக்கும் ஒன்பது பேரரசர் விழாவுக்கு ஹட்யாயில் சைவக் கடைகள் ஏராளமாக முளைக்கும். பல வருஷங்களில் அது நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும். 2024-இல் இரண்டும் அக்டோபர் 3-ஆம் தேதி தொடங்கின. 2025-இல் சீனர் விழா பிந்திப்போய் ஐப்பசியில் வந்தது, அதனால் தேதி பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். தேதி பொருந்தினால், சைவக் குடும்பத்துக்கு வருஷத்திலேயே லேசான வாரம் அதுதான்.

இரவுச் சாப்பாட்டை இலேசாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை க்லோங் ஹே மிதக்கும் சந்தை இருக்கும்; பிற்பகலில் போய் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிப் பகிர்ந்தால் போதும். அப்பாவுக்கு எப்படியும் ரசம் சோறு வேண்டும் என்றால், ஒரு வேளை இந்தியக் கடைக்குப் போங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் எங்கே என்று காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

காசுக்கு, சின்னச் சின்ன பாட் நோட்டு அவசியம். மலேசிய வெள்ளியை (ரிங்கிட்) வாங்கிக்கொள்ளும் கடைகளும் உண்டு, மாற்று விலைதான் நமக்குப் பாதகமாக இருக்கும். தாய்லாந்து கியூஆரை நம் ஊர் வங்கிச் செயலிகள் பலவற்றில் ஸ்கேன் செய்யலாம். உங்களுடையதில் அந்த வசதி இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள்.

திரும்பும் நாளில் ரயிலென்றால், எல்லையில் இருக்கும் பாடாங் பெசாரில் இறங்கிக் குடிநுழைவு முடித்து இடிஎஸ்ஸுக்கு (மலேசிய மின்சார ரயில்) காத்திருக்க வேண்டியிருக்கும். ஹட்யாய் பொரித்த கோழியும் புளுட் (ஒட்டும் அரிசி) சோறும் தப்பாவ், அதாவது பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். மேலே தூவும் பொரித்த சின்ன வெங்காயத்தைத் தனிப் பையில் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வழியிலேயே நமுத்துவிடும்.